தனுஷ்கோடியும் ஒற்றை இருப்புப்பாதையும்

கடல்கொண்ட ஊர் என்றதும் மாணவர் நெஞ்சில் காவிரிப்பூம்பட்டினம் தோன்றும். நான் இன்று சொல்லப்புகுவது புகைவண்டியும் தந்திக் கம்பியும் கண்ட ஓர் ஊரின் கதை.

இராமேசுவரத் தீவின் தென்கிழக்குக் கோடியில், பாக்கு விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்முனை தனுஷ்கோடி. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் அதற்கு நல்வாழ்வு வந்தது. போட் மெயிலில் வந்திறங்கியோர் அங்கே கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். அங்கிருந்து கொழும்புக்கு மீண்டும் ரயில். சுங்கச் சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் யாவும் அம்மணலில் எழுந்தன. அவற்றைப் பெருநிலத்தோடு பிணைத்த தரைவழியோ அந்த ஒற்றை இருப்புப்பாதைதான்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில், புயற்காற்று கடல்நீரைத் திரட்டிக் கரைமேல் தள்ளிற்று. பாம்பனிலிருந்து வந்த ரயில், நிலையத்தை நெருங்கும் வேளையில், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலைக்கு இரையாயிற்று. தந்தியும் அறுந்தமையால் அச்செய்திகூட உடனே வெளியுலகை எட்டவில்லை.

ஊர் அந்த ஓரிரவில் அழிந்தது என்பர். அது பாதி உண்மை என்பதே என் கருத்து. உருக்குலைந்த பாம்பன் பாலம், பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. இராமேசுவரத்துக்கு ரயில் மீண்டும் ஓடியது; தலைமன்னார்க் கப்பலும் அங்கேயே மாற்றப்பட்டது. தனுஷ்கோடிக்கு மட்டும் தண்டவாளம் திரும்பவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது. அம்முடிவில் நியாயம் இல்லாமலில்லை. இன்னொரு புயலுக்கு மக்களைப் பலியிட எவர்தாம் துணிவர்? ஆயினும் வலையை நம்பி வாழும் மீனவர் சிலர் அம்மண்ணை விடவில்லை. பாதை போனபின் மருத்துவரும் மின்சாரமும் எவ்வழியே வருவர்? முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால், பிள்ளைத்தாய்ச்சியாயினும் நோயாளியாயினும், மணலையும் உப்புநீரையும் கடந்தே செல்ல நேர்ந்தது. அரிச்சல்முனை வரை சாலை அமைந்தது 2017-இல்தான். ஐம்பதாண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பு!

அச்சாலையும் அதே மணல்மீது கிடக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. அளவு சிறிதுதான், ஆனால் புயல் எழுப்பும் நீர் அந்த உயர்ந்த மட்டத்தின் மீதேறி வரும்.

இன்னொன்றும் உண்டு. அம்முனையில் மணலைக் கையால் தோண்டினாலே நன்னீர் ஊறும்; மீனவர் குடும்பங்களைக் காத்த நீர் அது. மழைநீர் மெல்லிய படலமாய், கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதால் கிடைக்கும் கொடை. கடல் உயர உயர, அலை கரையேறாமலே, அந்த ஊற்று கரிக்கத் தொடங்கும்.