சயாமிலிருந்து திரும்பியவங்க நட்ட அரசமரம்



நம்ம தோட்டத்துக் கோயில் அரசமரம் வெறும் நிழலுக்கு நட்டதில்ல. ஜப்பான்காரன் காலத்துல சயாம் மரண ரயில் வேலைக்குப் போய் உயிரோட திரும்பினவங்க, திரும்பாதவங்க நினைவா நட்டதுன்னு பெரியவங்க சொல்வாங்க.

1942-43ல் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம் அது. காலராவிலும் பட்டினியிலும் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டாங்க. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கு. நம்மவங்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்ல.

ஆஸ்திரேலியா பல்லாரட் ஊர்ல, முதல் உலகப் போருக்குப் போனவங்களுக்காக லூகாஸ் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் 1917 முதல் 1919 வரை 3,700க்கும் மேல் மரங்கள் நட்டாங்க. ஆளுக்கொரு மரம், பெயரோட.

நமக்கு இருப்பது ஒரே மரம். அதுக்கு ஒரு நினைவுப் பலகை கேட்டு மாநகர் மன்றத்துக்கு மனு எழுதுறோம். உங்க வீட்ல சயாமுக்குப் போனவங்க பெயரை வர்ற வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது எழுதிக் கொண்டு வாங்க.