நாளத்தை நாடிய ஊசி: வைத்தியசாலையிலிருந்து வீதிவரை

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெருங் கண்டுபிடிப்புகளையே முன்னிறுத்துவர். நோயாளியின் கையில் ஏற்றப்படும் ஒரு சிறு குழாயின் வரலாறு அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்த்ததில்லை. ஆயினும் விபத்து நிகழ்ந்த வீதியோரத்திலும் ஓடும் அம்புலன்சினுள்ளும் ஓர் உயிரைத் தாங்கி நிற்பதில் அக்குழாய்க்குப் பெரும் பங்குண்டு. அதன் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். நாளத்தை அடையும் திறன் முதலில் வந்தது. தீங்கின்றி அடையும் அறிவு பிந்தியே வந்தது.

குருதி உடலெங்கும் சுற்றியோடுகின்றது என்பதை 1628 ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி நிறுவினார். நாளத்தில் இடும் மருந்து உடல் முழுவதையும் சென்றடையும் என்னும் எண்ணத்துக்கு இதுவே அடிப்படையாயிற்று. 1656 இல் ஒக்ஸ்போர்ட்டில் கிறிஸ்தோபர் ரென், இறகுத் தண்டையும் விலங்கின் சிறுநீர்ப்பையையும் கொண்டு நாயொன்றின் நாளத்தில் மருந்தைச் செலுத்திக் காட்டினார். எனினும், நாளவழிக் கரைசல் உயிர்காக்கும் சிகிச்சையாக உருப்பெற மேலும் இரு நூற்றாண்டுகள் அளவில் சென்றன.

1831 இல் வாந்திபேதி பிரித்தானியாவை அடைந்தது. இந்நோயாளரின் குருதி நீரையும் உப்புக்களையும் இழக்கின்றது என்பதை ஓஷானெசி என்னும் இளம் வைத்தியர் ஆய்ந்து காட்டினார். அதனை அடியொற்றி 1832 மே மாதத்தில், ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லாற்றா, உயிர் பிரியுந் தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருவரின் நாளத்தில் வெள்ளிக் குழாய் வழியாக உப்புக் கரைசலைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஆறு பைந்து கரைசல் உட்சென்றது. அற்றுப்போன நாடித் துடிப்பு மீண்டது. தமக்கு இனி வேண்டியது சிறிது உறக்கமே என்று மூதாட்டி கருதும் அளவுக்குத் தேறினார். லாற்றா அவரை வேறொரு வைத்தியரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். பேதி திரும்பியது, கரைசல் மீண்டும் செலுத்தப்படவில்லை, ஐந்தரை மணி நேரத்தில் அவர் இறந்தார். குழாயை ஏற்றுவதோடு பணி முடிவதில்லை என்பதே இம்மரணம் புகட்டிய பாடமாகும்.

லாற்றாவின் காலத்தில் கிருமிகளைப் பற்றிய அறிவு இருக்கவில்லை. 1867 இல் ஜோசப் லிஸ்ரர் கிருமிநீக்க முறையை வெளியிட்ட பின்னருங்கூட, நாளத்தில் செலுத்திய கரைசல் நோயாளிகளுக்குக் குளிர்காய்ச்சலை உண்டாக்கியது. கிருமிகள் நீரில் விட்டுச் செல்லும் பொருட்களே இதற்குக் காரணம் என்பதை 1923 இல் புளோரன்ஸ் சைபேட் விளக்கினார். விறைத்த உலோக ஊசியோ நோயாளி அசையும்போது நாளத்தைத் துளைத்தது. 1950 இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் டேவிட் மாசா உருக்கு ஊசியின்மேல் மென்மையான பிளாஸ்ரிக் குழாயைப் பொருத்தினார். ஊசியை நீக்கியபின் குழாய் மட்டும் நாளத்தில் தங்கும். அசையும் வாகனத்துக்கு ஏற்ற கருவி இவ்வாறு கிடைத்தது.

சிகிச்சை வீதிக்கு வந்ததும் இதன் பின்னரேயாகும். 1966 இல் பெல்பாஸ்ற் நகரில் பிராங் பன்ரிட்ஜ் இருதய நோயாளரிடம் வைத்தியரையும் தாதியையும் அம்புலன்சில் அனுப்பினார். 1967 இல் பிற்ஸ்பேர்க் நகரில் பீற்றர் சபார், வேலைவாய்ப்பு மறுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்குப் பயிற்சியளித்தார். வைத்தியருக்கே உரியதெனக் கருதப்பட்ட நாளத்தில் குழாயேற்றும் பணியும் அவர்கள் கைக்கு வந்தது.

ஆனால் வீதி சத்திரசிகிச்சைக் கூடமன்று. அங்கு தூசியும் இருளும் அவசரமும் உண்டு. மதுசாரத்தால் துடைத்த தோல் உலரும்வரை பொறுத்தல், துடைத்த இடத்தை மீண்டுந் தொடாதிருத்தல், காயமுற்ற கையைத் தவிர்த்தல் ஆகிய சிறு விதிகள் அங்கேதான் எளிதில் மீறப்படுகின்றன. ஆதலால், தூய்மையை உறுதிசெய்ய இயலாத அவசரத்தில் ஏற்றிய குழாயை 48 மணி நேரத்துக்குள் மாற்றவேண்டும் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் 2011 ஆம் ஆண்டு வழிகாட்டி விதித்தது. ஏற்றுபவரின் பாதுகாப்பும் பிந்தியே கவனிக்கப்பட்டது. பயன்படுத்திய ஊசி குத்துவதைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் 2000 ஆம் ஆண்டிலேயே பிறந்தது.

இவை யாவற்றினும் ஆழமான கேள்வியை ஹியூஸ்ரன் நகரில் நடந்து 1994 இல் வெளியான ஆய்வொன்று எழுப்பியது. உடலின் நடுப்பகுதியில் துளைகாயமுற்றுக் குருதியமுக்கம் வீழ்ந்த 598 பேர் அதில் நோக்கப்பட்டனர். வழியிலேயே கரைசல் பெற்றவர்களுள் 62 சதவீதத்தினரும், சத்திரசிகிச்சைவரை அது நிறுத்திவைக்கப்பட்டவர்களுள் 70 சதவீதத்தினரும் பிழைத்தனர். கசிவு அடைபடாத நிலையில் அமுக்கத்தை உயர்த்துதல், உறைந்த குருதியைப் பெயர்த்துக் கசிவை மிகுவிக்கும் என்பது இதற்குக் கூறப்பட்ட விளக்கமாகும். இம்முடிவு எல்லா நோயாளருக்கும் பொருந்தாது. நீரிழந்து கிடந்த லீத் நகர மூதாட்டிக்குக் கரைசலே மருந்தாகும். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதே இங்கு எழும் வினா.

எனவே, இக்கருவியின் வரலாறு கைத்திறனின் வரலாறு மாத்திரமன்று; நிதானத்தின் வரலாறுமாகும். விரைந்து செயற்படுவதற்கெனப் பயிற்றப்பட்ட கை, தோல் உலரும் அந்தச் சில கணங்கள் பொறுத்திருக்கவும், தேவையற்றபோது ஊசியை எடுக்காதிருக்கவும் கற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. அக்கல்விக்கு விலை கொடுத்தோர் நோயாளரே என்பதை மறத்தல் ஆகாது.