எப்போதாவது, பத்தே நிமிடம் ஓடும் கார்... பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது?

காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். "டிக்... டிக்... டிக்..." அவ்வளவுதான். இன்ஜின் கிளம்பவில்லை.

"காரை நான் ஓட்டுறதே இல்லையே, அதுக்குள்ள எப்படி பேட்டரி போச்சு?"

ஓட்டாததுதான் காரணம்.

சிங்கப்பூரில் இது புதிதில்லை. வேலைக்கு எம்ஆர்டி, பக்கத்துக் கடைக்கு நடை. கார் வெளியே வருவது வார இறுதியில், சந்தைக்கும் அம்மா வீட்டுக்கும் மட்டும். சிவப்பு எண் பலகை கொண்ட கார்கள் வார நாள்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரைதான் இலவசமாகச் சாலைக்கு வரலாம் என்பதால், அவை நிற்கும் நேரம் இன்னும் அதிகம்.

காரை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நாள் அது உழைக்கும் என்று பலர் நினைக்கிறோம். டயருக்கு அது ஓரளவு பொருந்தலாம். பேட்டரிக்குப் பொருந்தாது.

ஸ்டார்ட் செய்வதுதான் பேட்டரியைக் காலி செய்கிறதா?

பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

சிறிய கார் ஒன்றில் 45 ஆம்பியர்-மணி பேட்டரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1 ஆம்பியர் மின்சாரத்தை ஏறக்குறைய 45 மணி நேரம் கொடுக்கக்கூடிய அளவு அது.

ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் சுமார் 150 ஆம்பியரை இழுக்கலாம். பெரிய அளவுதான். ஆனால் அது நடப்பது 2 விநாடிக்கு. ஆம்பியர்-மணியில் பார்த்தால் 0.1 கூட வராது. பேட்டரியில் இருப்பதில் 500இல் ஒரு பங்கு.

உண்மையான செலவு கார் சும்மா நிற்கும்போது நடக்கிறது.

காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். கார் முழுசாகத் தூங்குவதில்லை. திருட்டு எச்சரிக்கை மணி, சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவி, கடிகாரம், கணினிகளின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கின்றன. நல்ல நிலையில் உள்ள காரிலேயே அது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கலாம்.

50 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 8.4 ஆம்பியர்-மணி போய்விடும். 3 வாரம் அப்படியே நின்றால் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி.

இதில் டேஷ்கேம் வேறு. கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் வசதியை முடுக்கிவிட்டிருந்தால், அது மட்டுமே 250 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி! யாராவது இடித்துவிட்டுப் போனால் பிடிக்கலாம் என்று பொருத்திய கேமரா, உங்கள் காரையே நகரவிடாமல் செய்துவிடும்.

போய்வந்த 20 நிமிடத்தில் அது நிரம்பாதா?

போக 10 நிமிடம், வர 10 நிமிடம். அந்த நேரத்தில் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கிறது. ஆனால் அதைப் பங்குபோட நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் ஊரில் ஏர்கான் இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? ஏர்கான் விசிறி, ரேடியேட்டர் விசிறி, விளக்குகள், மழை பெய்தால் வைப்பர், கைப்பேசி சார்ஜர்... இவற்றுக்குப் போக மிச்சம்தான் பேட்டரிக்கு. சிவப்பு விளக்கில் நிற்கும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் அந்த மிச்சமும் குறையும்.

சராசரியாக 10 ஆம்பியர் உள்ளே போனால், 20 நிமிடத்தில் கிடைப்பது சுமார் 3.3 ஆம்பியர்-மணி. வாரத்துக்குச் செலவு 8.4, வரவு 3.3. சம்பளத்தைவிடச் செலவு அதிகமான வீடு மாதிரிதான். ஒன்றரை மாதத்தில் கதை முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளும். 80 விழுக்காட்டைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். கடைசி 20 விழுக்காடு நிரம்பப் பல மணி நேரம் ஆகலாம். ஆக, குறுகிய பயணம் மட்டும் போகும் காரில் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிரம்புவதில்லை.

நிரம்பாமல் கிடந்தால் என்ன? அங்கேதான் நிரந்தரச் சேதம் ஆரம்பிக்கிறது. மின்சாரம் வெளியேறும்போது பேட்டரியின் ஈயத் தகடுகள்மேல் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டியான படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. 45 ஆம்பியர்-மணி என்று வெளியே எழுதியிருக்கும், உள்ளே 25தான் இருக்கும்.

நம் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில்தான் பேட்டரி கைவிடும் என்று யூடியூப் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். குளிர் பேட்டரியின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும். பேட்டரியை அரிப்பது வெப்பம். தகடுகள் துருப்பிடிப்பதும் தானாகச் சார்ஜ் இறங்குவதும் வெப்பத்தில் வேகமாக நடக்கும். இங்கே பேட்டரி பொதுவாக 2, 3 ஆண்டுதான் தாக்குப்பிடிக்கிறது.

பேட்டரி பலவீனம் என்று எப்படித் தெரியும்?

இன்ஜின் சோம்பலாகச் சுற்றிக் கிளம்புவது பழைய அடையாளம். சிக்னலில் தானாக இன்ஜினை நிறுத்தும் வசதி உள்ள காரில், அந்த வசதி சில வாரங்களாக வேலை செய்யவில்லையா? பேட்டரியில் சார்ஜ் போதாமல் கார் தானே அதை நிறுத்தி வைத்திருக்கலாம். சன்னல் கண்ணாடி மெதுவாக ஏறுவது, கடிகாரம் பழைய நிலைக்குத் திரும்புவது இவையும் அடையாளங்களே.

குழப்புவது எச்சரிக்கை விளக்குகள்தான். இக்காலக் கார்களில் ஏராளமான கணினிகள். வோல்ட் குறைந்தால் அவை தடுமாறி பிரேக், ஸ்டியரிங், கியர் என்று சம்பந்தமில்லாத விளக்குகளை எல்லாம் எரியவிடும். பல நூறு வெள்ளி கொடுத்து சென்சாரை மாற்றுவதற்கு முன்னால், "முதல்ல பேட்டரியைப் பாருங்க" என்று வொர்க்‌ஷாப்பில் சொல்லுங்கள். அந்தச் சோதனை சில நிமிட வேலை.

வீட்டில் மல்ட்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். கார் ஓர் இரவு ஓய்வாக நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருக்கவேண்டும். அப்போதும் 12தான் காட்டுகிறது என்றால் சந்தேகம் ஆல்டர்னேட்டர்மேல்.

"என்னோடது மின்சாரக் கார், எனக்கென்ன?" என்கிறீர்களா? பெரிய மின்கலத்தோடு 12 வோல்ட் சிறிய பேட்டரியும் அதில் உண்டு. கதவு, திரை, கணினி எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. அது செத்தால், பெரிய மின்கலத்தில் 80 விழுக்காடு இருந்தாலும் கார் எழுந்திருக்காது.

என்ன செய்யலாம்?

கார் நிறுத்துமிடத்தில் இன்ஜினை 10 நிமிடம் சும்மா ஓடவிடுவதுதான் பலரும் செய்வது. பலன் மிகக் குறைவு. அதோடு, நிற்கும் காரில் தேவையில்லாமல் இன்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம்.

வாரம் ஒருமுறை, நிற்காமல் 40 நிமிடமாவது ஓட்டுங்கள். சாங்கியிலிருந்து துவாஸ் வரை தீவு விரைவுச்சாலையில் நெரிசல் இல்லாத நேரத்தில் போய்த் திரும்பினால் தாராளமாகப் போதும். பெட்ரோல் வீண்தான். அம்மா வீட்டுக்குப் போகும்போது சுற்றுவழியில் போனால் வீண் என்று தோன்றாது.

சுவரில் செருகும் பேட்டரி சார்ஜர் இதைவிட நல்ல தீர்வு. தரை வீட்டில் இருப்பவர்களுக்கு அது சுலபம். வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பிளக் எங்கே தேடுவது?

எனவே முதலில் டேஷ்கேமின் நிறுத்துமிடப் பதிவை அணைத்துவிடுங்கள். ஒரு மாதம் வெளியூர் போகிறீர்கள் என்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கலாம்; அதற்குமுன் காரின் கையேட்டைப் பாருங்கள். சில கார்களில் வானொலிக்குக் கடவுச்சொல் கேட்கும், சிலவற்றில் பின்கதவு திறக்காது.

நின்றுவிட்டால்?

ஜம்ப் ஸ்டார்ட் செய்ய வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்புக் கம்பி நல்ல பேட்டரியின் நெகட்டிவில். அதன் மறுமுனையை நின்றுபோன காரின் இன்ஜினில், வண்ணம் பூசாத உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டவேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கலாம். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடக்கூடியது. அதனால்தான் இந்த எச்சரிக்கை. ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்கு விதிமுறை வேறு. கையேட்டைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள்.

கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கினால் வீட்டில் வையுங்கள். அதற்குள் இருப்பது லித்தியம் மின்கலம். வெயிலில் நிற்கும் காருக்குள் விடுவது ஆபத்து.

கார் கிளம்பியதும் உடனே அணைக்கவேண்டாம். அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். மறுநாள் காலை மீண்டும் வோல்ட் பாருங்கள். 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால், அன்றைக்கே வொர்க்‌ஷாப்பில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.