தங்கம்

தங்கம் (பொன்) மஞ்சள் நிறமும் மென்மையும் கொண்ட கனமான உலோகத் தனிமம். அணு எண் 79. உருகுநிலை 1,064 பாகை செல்சியஸ். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், ஒரே கன அளவில் ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு எடை. காற்றோ நீரோ கடல் உப்போ அதை அரிப்பதில்லை. நைட்ரிக் அமிலத்தாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் தனித்தனியே அதைக் கரைக்க முடியாது. இரண்டும் கலந்த இராச திராவகம் கரைக்கும், காற்றின் துணையோடு சயனைடு கரைசலும் கரைக்கும். மற்ற உலோகங்களைவிட இதை மனிதர் அதிகம் நம்பியதற்கு இந்த மாறாத்தன்மையே முதல் காரணம். அழகு அதற்கு அடுத்ததுதான்.

ஒரு கிராம் தங்கத்தை ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தகடாக அடித்துவிடலாம். இன்னும் மெல்லிதாக அடித்த தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடுருவி வரும் ஒளி பச்சையாகத் தெரியும். மான்செஸ்டரில் 1909-இல் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டுதலில் கைகரும் மார்ஸ்டனும் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியது இத்தகைய தகட்டின் மீதுதான். சில துகள்கள் திரும்பித் தெறித்ததிலிருந்தே அணுவுக்குக் கரு உண்டு என்பது தெரியவந்தது.

பூமியிலுள்ள தங்கம் பூமியில் உருவானதல்ல. நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது இத்தகைய கனத் தனிமங்கள் பிறக்கின்றன என்பதற்கு 2017-இல் பதிவான ஒரு மோதல் வலுவான சான்று தந்தது.

பல்கேரியாவின் வர்ணாவில் கிடைத்த புதைகுழிப் பொன் அணிகள் கி.மு. 4500-ஐ ஒட்டியவை. எகிப்தின் துட்டன்காமன் முகக்கவசம் சுமார் 10 கிலோ எடையுள்ளது. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. மிளகுக்கும் முத்துக்கும் ஈடாக ரோமானியப் பொற்காசுகள் தமிழகம் வந்தன. புதுக்கோட்டைப் புதையலில் கிடைத்த காசுகளில் பலவற்றில் பேரரசரின் முகம் வேண்டுமென்றே கீறப்பட்டிருக்கிறது.

இந்தியத் தங்கத்தின் வரலாற்றில் கோலார் தங்கவயலுக்குத் தனி இடம் உண்டு. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. சுரங்கத்தை இயக்குவதற்காகவே 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும். அங்கே இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள், அவர்களிலும் மிகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது அவர்களிடையேதான். கோலார் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயமும் கண்டறியப்பட்டது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போயிற்று; ஊருக்கு எஞ்சியவை சயனைடு மேடுகளும் நுரையீரலில் கல்தூசு படிந்த தொழிலாளர்களும். கோலாரின் கதையில் அந்த உழைப்புக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

நாணயங்களின் மதிப்பைத் தங்கம் நிர்ணயித்த முறையின் கடைசி இழை 1971-இல் அறுந்தது. டாலரைத் தங்கமாக மாற்றித் தருவதை அமெரிக்கா அந்த ஆண்டு நிறுத்தியது. ஆனாலும் நடுவண் வங்கிகள் இன்றும் அதைக் கையிருப்பாக வைத்திருக்கின்றன.

கலப்பில்லாத தங்கம் 24 காரட். அது நகைக்கு மிக மென்மையானது என்பதால் செம்பும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். 22 காரட்டில் தங்கம் 91.6 விழுக்காடு, அதுவே கடைகளில் ‘916’. தரம் பார்க்க ஆசாரி உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலத்தைத் தடவினால் செம்பு கரையும். மாற்று குறைந்த கோடு சட்டென்று மங்கும். நிறத்தை மட்டும் பார்த்து மாற்றுச் சொல்லும் கண் பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. இப்போது எக்ஸ் கதிர் கருவி நொடிகளில் அதைச் செய்கிறது; 2021 முதல் ஹால்மார்க் முத்திரை கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டு, ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து-எண் அடையாளம் பொறிக்கப்படுகிறது. 8 கிராம் ஒரு பவுன். சேதாரமும் செய்கூலியும் கடைக்குக் கடை மாறும் என்பதால், பில்லில் இவ்விரண்டையும் தனியே கேட்டுப் பார்ப்பதே நல்லது.

மின்சாரத்தை நன்கு கடத்துவதாலும் துருப்பிடிக்காததாலும் கைப்பேசி, கணினி இணைப்பு முனைகளில் தங்கப்பூச்சு இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியைச் சிறப்பாகப் பிரதிபலிப்பதால் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் 18 கண்ணாடிகளுக்கும் தங்கமே பூசப்பட்டது. அத்தனைக்கும் சேர்த்துச் செலவானது 50 கிராமுக்கும் குறைவு. முடக்குவாதத்துக்கு ஆரனோஃபின் என்ற தங்கச் சேர்ம மருந்து உண்டு. நீரில் மிதக்கும் நுண்துகளாகும்போது தங்கம் சிவப்பாகத் தெரியும். கர்ப்பப் பரிசோதனை அட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோட்டைத் தருவது அந்தத் துகள்களே.