சுவருக்கு பேனலிங்... எந்த போர்டு தாங்கும்?

ரீல்ஸில் பார்த்த டி.வி சுவர் மாதிரியே நம்ம வீட்டு ஹாலிலும் செய்யணும்னு ஆசையா? தாராளமா செய்யலாம். ஆனால், டிசைன் கேட்லாக்கைப் புரட்டுவதற்கு முன்னாடி சுவரைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. சுவரில் இருக்கும் ஈரத்துக்குப் பொருந்தாத போர்டை ஒட்டினால், எவ்வளவு அழகான பேனலிங்கும் ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும்.

முதல்ல சுவருக்கு ஒரு டெஸ்ட்!

இரண்டடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்க. ஷீட்டின் உள்பக்கம் நீர்த்துளிகள் தெரிந்தால், சுவரில் ஈரக்கசிவு இருக்கிறது என்று அர்த்தம். பாத்ரூமை ஒட்டிய சுவர், மழை நேரடியாக அடிக்கும் வெளிச்சுவர் இரண்டையும் கட்டாயம் இப்படிப் பாருங்க. கசிவைச் சரிசெய்யாமல் பேனல் போட்டால், அது பின்னால் பூஞ்சையை மறைக்கும் திரைச்சீலைதான்.

எந்த இடத்துக்கு எது?

எம்.டி.எஃப்: மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்வது. மேற்பரப்பு வழவழவென இருப்பதால் பெயின்ட் ஃபினிஷுக்கும், சி.என்.சி கட்டிங் டிசைனுக்கும் அருமை. ஆனால், தண்ணீர் பட்டு ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. காய்ந்த பெட்ரூம் சுவருக்கு மட்டும் ஓகே.

ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர்: எம்.டி.எஃப்பைவிட அடர்த்தியானது, ஈரப்பதத்தைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால், 'வாட்டர்ப்ரூஃப்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

ப்ளைவுட்: ஸ்க்ரூவை நன்றாகப் பிடிக்கும். ஷெல்ஃப், கதவு என எடை வரும் இடங்களுக்கு இதுதான் சரி. ஈரப்பதம் அதிகமான வீடு என்றால் ஐ.எஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை கேளுங்க. டி.வி பிராக்கெட்டை மட்டும் பேனலோடு நிறுத்தாமல், சுவர்வரை ஸ்க்ரூ இறக்கச் சொல்லுங்க.

பி.வி.சி, டபிள்யூ.பி.சி: தண்ணீருக்கு அசராது, கரையான் பயமும் பெரிதாக இல்லை. வரிவரியான லூவர் டிசைன்கள் இதில் ஏராளம். ஆனால், வெப்பம் ஆகாது. அடுப்பு, பூஜை விளக்கு பக்கத்தில் வேண்டாம். எரிந்தால் வரும் புகை ஆபத்தானது.

ஆர்டர் கொடுக்கும் முன்...

* போர்டின் வழக்கமான அளவு 8 அடிக்கு 4 அடி. சுவர் 9 அடி உயரம் என்றால் எங்கேயாவது ஜாயின்ட் வரும். அது எங்கே என்று முதலிலேயே கார்பென்டரிடம் முடிவு செய்யுங்க.

* புது போர்டில் வரும் காரமான வாசனைக்கு, பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு ஒரு காரணம். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இ1 அல்லது இ0 தரம் கேளுங்க.

* வெட்டிய ஓரங்களை எல்லாம் சீல் செய்யணும். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். வீடு துடைக்கும் தண்ணீர் படாதபடி, தரையிலிருந்து நாலு இன்ச் விட்டு பேனலை ஆரம்பிக்கலாம்.

* சதுர அடி ரேட்டில் ஃபிரேம், லேமினேட், கூலி எல்லாம் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்க.

கடைசியா ஒரு விஷயம். கடையில் ஒவ்வொரு போர்டிலும் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்குங்க. தடிமனை அளந்துவிட்டு, ராத்திரி முழுக்க பக்கெட் தண்ணீரில் ஊறப்போடுங்க. காலையில் மறுபடி அளந்து பாருங்க. எது தாங்கும், எது தாங்காது என்பதை சேல்ஸ்மேனைவிட அந்த பக்கெட் தெளிவா சொல்லிடும்!