தொலைவை வென்ற செவிலியர்

உடலில் நோய் கண்டவனுக்கு மருத்துவரை நாடிச் செல்லும் வலிமை குன்றலாம், விருப்பம் குன்றுவதில்லை. உள்ளத்தில் நோய் கண்டவனுக்கோ முதலில் குன்றுவது பெரும்பாலும் அவ்விருப்பமே. ஆதலின் நோயாளி மருத்துவரிடம் வரவேண்டுமா, மருத்துவம் நோயாளியிடம் செல்லவேண்டுமா என்னும் வினா மனநோய் மருத்துவத்தில் தனிச் சிறப்புப் பெறுகிறது. அமெரிக்க நாட்டில் இதற்கு விடை தேடிய வரலாறு, இரண்டு ஆறுகளைப் போல வெவ்வேறு இடங்களில் தோன்றி, நெடுங்காலம் கழித்தே ஒன்று கூடியது. ஒன்று தொலைக்காட்சியின் வரலாறு. மற்றொன்று செவிலியரின் வரலாறு.

1955-இல் அந்நாட்டின் அரசு மனநோய் மருத்துவமனைகளில் 5,50,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களைக் கவனிக்கப் போதிய மருத்துவர் இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் இருந்த மனநோய் நிலையத்தின் தலைவர் செசில் விட்சன், 1959-இல் இருவழித் தொலைக்காட்சி வாயிலாக நோயாளிகளுக்குக் குழுச் சிகிச்சை அளித்துப் பார்த்தார். 1964-இல், 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையுடன் அந்நிலையம் தொலைக்காட்சியால் இணைக்கப்பட்டது. ஒமாஹாவில் இருந்த வல்லுநரின் ஆலோசனை சாலைப் பயணமின்றி நார்ஃபோக்கை எட்டிற்று.

அடுத்த படி பாஸ்டன் நகரில் எடுத்து வைக்கப்பட்டது. 1960-இல் அந்நகர விமான நிலையத்தருகே நேர்ந்த கோர விபத்தில் 62 பேர் மாண்டனர். அதன் பின்னர் அங்கே ஒரு மருத்துவ நிலையம் தோன்றிற்று. இரவும் பகலும் அங்கே இருந்தவர்கள் செவிலியரே. மருத்துவர் சில மணி நேரமே வந்து போவார். 1968-இல் டாக்டர் கென்னத் பேர்டு என்பவர், அந்நிலையத்தை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையோடு நுண்ணலை வழித் தொலைக்காட்சியால் இணைத்தார். நோயாளியின் அருகே செவிலி, திரையில் மருத்துவர். இதே அமைப்பைக் கொண்டு மனநோயாளிகளுடன் உரையாடிய டாக்டர் தாமஸ் டுவையர், 1973-இல் தம் அனுபவத்தை எழுதினார். சிறுவர்க்கும் இளைஞர்க்கும் மனச்சிதைவுற்றோர் சிலர்க்கும், நேரில் பேசுவதைவிடத் திரை வழியே பேசுவது எளிதாயிருந்தது என்பது அவர் கண்ட புதுமை. தொலைவு சிலருக்கு அச்சம் நீக்கும் மருந்தாகவும் அமைந்தது!

ஆயினும் அக்காலக் கருவிகள் பெருஞ்செலவு பிடிப்பவை. மானியம் நின்றதும் இத்தகைய முயற்சிகள் பலவும் நின்று போயின.

இனி மற்றோர் ஆற்றைக் காண்போம். செவிலி நோயாளியோடு கொள்ளும் உறவே ஒரு சிகிச்சை என்பதை 1952-இல் நூலாக எழுதி நிலைநாட்டியவர் ஹில்டகார்ட் பெப்லாவ் அம்மையார். மனநோய்ச் செவிலியருக்கு உயர்கல்வி வகுப்பையும் அவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியும், ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து, நோயைத் தாமே ஆய்ந்து மருத்துவம் செய்யும் செவிலியரைப் பயிற்றத் தொடங்கினர். இவர்களே நர்ஸ் பிராக்டிஷனர் எனப்படுவோர். மருத்துவர் சிலர் இதனை எதிர்த்தனர். செவிலியர் கல்வித் துறையிலேயே எதிர்ப்பு எழுந்தது. எனினும் ஐடஹோ மாநிலம் 1971-இல் சட்டத்தால் இவர்களுக்கு இடமளித்தது. நாட்டில் எங்கே பணி புரிந்தாலும் மெடிகேர் காப்பீட்டிலிருந்து இவர்கள் நேரடியாக ஊதியம் பெறலாம் என்று 1997-இல் ஒரு சட்டம் வழி செய்தது. மருத்துவர் ஊதியத்தில் 100-க்கு 85 பங்கு இவர்களுக்கு. இன்று மனநோய் மருத்துவத்திலேயே தனித் தேர்ச்சி பெற்றோர் இவர்களுள் பலர்.

இரண்டு ஆறுகளும் கூடுமிடத்தில் ஓர் அணை குறுக்கிட்டது. இணையத்தில் வாங்கிய வலி மருந்தால் 2001-இல் 18 வயது இளைஞன் ஒருவன் இறந்தான். அத்துயரின் விளைவாக 2008-இல் பிறந்த சட்டம், கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளை இணைய வழியே எழுதித் தருமுன் நோயாளியை ஒருமுறையேனும் நேரில் காணவேண்டும் என்றது. அதன் நோக்கத்தை எவரும் குறைகூற இயலாது. ஆனால் மருத்துவரே இல்லாத சிற்றூரில் வாழ்பவனுக்கு அந்த ஒருமுறையே பெருந்தடையாயிற்று. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது அவ்விதி தளர்த்தப்பட்டது. அத்தளர்வு பின்னர்த் தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டது.

இன்னொரு தடையும் உண்டு. செவிலி தன்னுரிமையோடு மருந்தெழுதலாம் என்பது ஒரு மாநிலத்துச் சட்டம். மருத்துவரோடு உடன்படிக்கை செய்துகொண்டே எழுதவேண்டும் என்பது அடுத்த மாநிலத்துச் சட்டம். நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அம்மாநிலச் சட்டமே செல்லும். திரை எல்லையைக் கடக்கிறது; உரிமம் எல்லையில் நின்றுவிடுகிறது.

மனநோய் மருத்துவர் போதாத பகுதிகள் என்று அந்நாட்டரசு குறித்துள்ள இடங்களில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். கருவி வந்துவிட்டது, அதனைக் கையாளக் கற்றவர்களும் வந்துவிட்டனர். நோயாளியைத் தீங்கினின்று காக்கும் விதியே அவனை உதவியினின்றும் விலக்கிவிடாதவாறு அமைப்பது எங்ஙனம் என்பதே எஞ்சியுள்ள வினா. பொறியியல் தன் பங்கை முடித்துவிட்டது; விடை கூறவேண்டியவை சட்டமன்றங்களே.