இரண்டு எழுத்து செய்யும் வம்பு - ஃப்ரேசல் வெர்ப் வந்த கதை

ஆங்கிலத்தில் 'டாலரேட்' என்ற சொல் நம்மவர்களுக்குக் கஷ்டமில்லை. 'புட் அப் வித்' என்றால்தான் முழிக்கிறார்கள். இத்தனைக்கும் புட், அப், வித் மூன்றும் ஒன்றாம் வகுப்புச் சொற்கள்! தனித்தனியே தெரிந்த மூன்று சொற்கள் சேர்ந்து நின்றதும் 'பொறுத்துக்கொள்' என்று எப்படிப் பொருள் வருகிறது? இதற்குப் பதில் இலக்கணப் புத்தகத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சிறு சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான். 'கைவிடு' என்பதற்கு அங்கே 'ஆஃப்கேபன்' என்பார்கள். 'ஆஃப்' என்றால் மேலே, 'கேபன்' என்றால் கொடு. அப்படியே 'கிவ் அப்'!

பிறகு வைக்கிங்குகள் வந்தார்கள். 793ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்தவர்கள், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியில் சிறு சொல் வினைக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்திலும் அது பின்னுக்குப் போனதற்கு இந்தக் கலப்பு ஒரு காரணம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அதிகமாக ஃப்ரேசல் வெர்ப் பெற்றெடுக்கும் 'டேக்', 'கெட்' இரண்டுமே நார்ஸ் கொடுத்த சொற்கள்தான்.

'கிவ் அப்' கிடைப்பது பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் 1154 வரை எழுதிவந்த வரலாற்றுக் குறிப்பில். ஸ்டீபன் மன்னர் காலத்துச் சண்டையில் சில கோட்டைகள் ஒப்படைக்கப்பட்டன, சில ஒப்படைக்கப்படவில்லை என்ற செய்தி அது. பரீட்சைக்குப் படிப்பதை விடுவதற்கும் இன்று அதே சொல்.

ஆனால் 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்திருந்தார்கள். அரண்மனை, நீதிமன்றம் எல்லாம் பிரெஞ்சு. 'கோ இன்' இருந்த இடத்தில் 'என்டர்' வந்தது, 'கோ டவுன்' பக்கத்தில் 'டிசெண்ட்' வந்தது. ஒரே வேலைக்கு இரண்டு சொற்கள். ஒன்று கோட்டு போட்டது, ஒன்று வீட்டுச் சட்டை. நம் ஊருக்கு ஆங்கிலம் வந்தது அலுவலகம், கோர்ட், பள்ளிக்கூடம் வழியாக. அதனால் நமக்கு முதலில் பழகியது கோட்டு போட்டதுதான். 'புட் ஆஃப்' தெரியாதவருக்கும் 'போஸ்ட்போன்' தெரியும். அது போதாதென்று 'ப்ரிபோன்' என்ற ஒன்றையும் இந்தியர்கள் பழக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்!

இந்தத் தொல்லையை வெளிநாட்டார் பக்கம் நின்று பார்த்தவர் சாமுவேல் ஜான்சன். 1755ல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் பிற நாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் என்று ஒப்புக்கொண்டார். முடிந்தவரை அவற்றைத் தேடித் தொகுக்கவும் செய்தார். 'டேக்' ஒன்றுக்கே 130க்கு மேல் பொருள் கொடுத்தார். ஆனாலும் இந்தக் கூட்டத்துக்கு இன்றைய பெயர் நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925ல் ஒரு நூலில் பயன்படுத்திய லோகன் பியர்சால் ஸ்மித், அதைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி என்கிறார்.

இந்தக் கதையிலேயே பெரிய வேடிக்கை 1930ல் நடந்தது. சி. கே. ஆக்டன் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர், உலகமே சுலபமாகக் கற்க 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்றை வகுத்தார். மொத்தம் 850 சொற்கள், அதில் வினை வெறும் 18. மற்ற வினைகளுக்கு என்ன செய்வது? கிவ், புட், டேக், கெட் இவற்றோடு அப், அவுட், ஆஃப் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்! 'சரண்டர்' வேண்டாம், 'கிவ் அப்' போதும். எண்ணிக்கை குறைந்தது, ஆனால் கற்பவர் தலையில் இருந்த பாரம் குறையவில்லை. ஆங்கிலத்தில் எது மிகவும் கடினமோ அதையே சுலப ஆங்கிலத்தின் அஸ்திவாரமாக வைத்துவிட்டார் மனிதர். 1943ல் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில் இதைப் பாராட்டினார். அப்படியும் அது உலகத்தைப் பிடிக்கவில்லை.

பிறகுதான் இவற்றுக்கென்றே தனி அகராதிகள் வரத் தொடங்கின. 1975ல் கௌவியும் மேக்கினும் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு நூல், 1983ல் லாங்மேன், 1989ல் காலின்ஸ் கோபில்ட். இதில் கோபில்ட், உண்மையில் மக்கள் எழுதியதையும் பேசியதையும் கணினியில் சேர்த்துவைத்து, அதிலிருந்து எடுத்துக்காட்டு கொடுத்தது. 'அப்' வந்தால் பல இடங்களில் 'முழுவதுமாக' என்ற சாயல் வரும் ('ஈட் அப்', 'யூஸ் அப்') என்பது போன்ற ஒழுங்குகளை இப்படிப் பட்டியல் போட்டுப் பார்க்கும்போது பிடிக்க முடிகிறது. அகரவரிசையில் ஐம்பது மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழருக்கு இந்த வித்தை புதிதும் இல்லை. 'கண்டு', 'பிடி' இரண்டும் சேர்ந்து 'கண்டுபிடி' ஆகும்போது எதையும் கையால் பிடிப்பதில்லை. 'விட்டுக்கொடு' என்பதை ஒரு ஆங்கிலேயருக்கு விளக்கிப் பாருங்கள், அவர் முழிப்பார்! காமர்ஸ் மாணவர்களோ தெரியாமலேயே தினமும் பயிற்சி செய்கிறார்கள். வாராக்கடனை 'ரைட் ஆஃப்' செய்கிறார்கள், கம்பெனியை 'டேக் ஓவர்' செய்கிறார்கள். பேரேட்டில் கணக்கை முடிக்கும்போது போடும் 'சி/டி', அடுத்த மாத முதல் தேதியில் போடும் 'பி/டி' இரண்டும் 'கேரி டவுன்', 'பிரிங் டவுன்' என்பவற்றின் சுருக்கம்தான்.